நாற்பத்தொன்றாவது மிருகம்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது. இருமல் விட்டுவிட்டது, நீ அனுப்பிய மருந்தைக் குடிக்காமலே. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அத்தான் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனால் இப்போதும் நாலைந்து நாள் கழித்துத்தான் வீடு திரும்புகிறாரா?

இதோடு வரும் சின்னப் பொட்டலத்தை உட்கார்ந்துகொண்டு பிரி. நின்றுகொண்டு பிரித்தால் விழுந்து வைப்பாய். பிரித்துவிட்டாயா? ஒட்டகச்சிவிங்கியேதான். வயிற்றுக்கு அடியில் பதினேழு என்று போட்டிருக்கிறது பார். பிஸ்கட் டப்பாவுக்குள் கைவிட்டுத் துழாவி நாம் ஆரம்பித்த ஈயப் பொம்மை வரிசை, எத்தனையோ வருடமாக நாலு மிருகம் பாக்கி என்று நின்றுபோய்க் கிடந்தது. இனி மூன்றுதான். கரடி, முதலை, காண்டாமிருகம்.

எப்படிக் கிடைத்தது என்று கேட்பாய். வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை மிருகக்காட்சி சாலைக்குப் போனேன். கிழட்டுச் சிங்கம் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது, எங்கள் மேலாளரைப் போலவே. கடைசி வரிசையில் அந்தக் காலிக் கூண்டு இருக்கிறதே, எறும்புத்தின்னி என்று பலகை மட்டும் தொங்குமே, அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கழுத்தில் பைனாகுலரோடு ஒருவர் பக்கத்தில் வந்தார். "இருக்கிற மிருகத்தையே யாரும் இவ்ளோ நேரம் பாக்கறதில்ல, நீங்க இல்லாத மிருகத்தைப் பாக்கறீங்களே" என்றார். பேச ஆரம்பித்தோம். அவரும் ஈய மிருகங்கள் சேர்க்கிறவராம். அடுத்த ஞாயிறே ஒட்டகச்சிவிங்கியைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். காசு வாங்கவே இல்லை.

இன்னொரு லாபம்: புத்தகக்கடை அம்மாவிடம் பழைய மிருகக்காட்சி சாலைக் கையேடு ஒன்று வாங்கினேன். யாரோ ஒரு குழந்தை எல்லா மிருகத்துக்கும் பென்சிலால் மீசை வரைந்திருக்கிறது. யானைக்கு மட்டும் வரையவில்லை, ஏன் என்று தெரியவில்லை. படித்துவிட்டு உனக்கு அனுப்புகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி


ஜனவரி 27

என் அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுகிறேன். முதுகு இருக்கிறது, வலியும் இருக்கிறது. நாளெல்லாம் குனிந்துகொண்டு ஊருக்கெல்லாம் பல் செட் செய்தால் வேறென்ன ஆகும்? அத்தான் சௌக்கியம். ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்து, "இதுக்குத்தானா இத்தனை வருஷம்" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

அலமாரியில் பதினேழாம் இடத்தில் ஒரு நூல்கண்டை வைத்திருந்தேன் அல்லவா, அதற்கு இன்று விடுதலை. வரிசையில் ஒட்டகச்சிவிங்கி தலையை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தானிடம் சொல்லாதே.

காலிக் கூண்டின் முன்னால் நீ நிற்பதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. டப்பா மூடியிலேயே நாற்பது மிருகமும் படத்தோடு அச்சாகியிருந்தும், "எறும்புத்தின்னி எங்கே" என்று தரையில் புரண்டவன்தானே நீ. உன் அடம் தாங்காமல் நான்தான் மைதா மாவைப் பிசைந்து, நகத்தால் செதில் கீறி, வயிற்றில் ஊசியால் நாற்பத்தொன்று என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரத்துக்குள் எறும்பு மொய்த்து, வால்கூட மிஞ்சவில்லை. எறும்புத்தின்னியை எறும்பு தின்றது நம் வீட்டில் மட்டும்தான் நடந்திருக்கும்.

ஒரு சின்ன விஷயம். ஒட்டகச்சிவிங்கியின் வயிற்றோரம் அரம் பட்ட தடம் தெரிகிறது. பழைய மிருகங்களில் அப்படி இருக்காது. யாராவது சுத்தம் செய்கிறேன் என்று உரசியிருக்கலாம். சரி, அந்தப் பைனாகுலர்காரர் யார், என்ன வேலை பார்க்கிறார்? சும்மா யாரும் ஒட்டகச்சிவிங்கியைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். நாம் கொடுப்போமா?

நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை மிருகங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பெண் பார்க்கப் போ என்று அத்தான் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

அக்கா


பிப்ரவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

கரடி. முதலை. இரண்டும் ஒரே நாளில். பொட்டலத்தைப் பிரித்துவிட்டு என்னைத் திட்டு.

நீ கேட்டதற்குச் சொல்கிறேன். பைனாகுலர்காரர் பூந்தொட்டி வியாபாரி. களிமண் தொட்டிகளை மரப்பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். வேடிக்கையைப் பார், அந்தப் பெட்டிகள் எங்கள் சரக்குக் கிடங்கு வழியாகத்தான் போகின்றனவாம். எந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பது, எதற்கு அப்படியே சீல் வைப்பது என்று முடிவு செய்வது நான்தான் என்று சொன்னபோது அவர் வாயைப் பிளந்துவிட்டார். "திறந்து மூடறப்பல்லாம் ரெண்டு தொட்டி உடையுது சார்" என்று ஒருமுறை சொன்னார். அவ்வளவுதான், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மற்றபடி எப்போதும் மிருகப் பேச்சுதான். பழைய பதிப்புகளைப் பற்றி, நீர்யானைக் குட்டியைப் பற்றி. இந்த ஊரில் எனக்கு இப்படிப் பேச வேறு யார் இருக்கிறார்கள் சொல்.

உன் அலமாரியைப் பற்றி நிறையச் சொன்னேன். நம் வரிசையின் மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை. எந்த ஊர், எந்தத் தெரு என்றெல்லாம் ஆர்வமாகக் கேட்டார். ஒரு நாள் நேரில் பார்க்க வேண்டுமாம்.

இனி காண்டாமிருகம் ஒன்றுதான் பாக்கி. அதுவும் வரும் என்கிறார்.

தம்பி


மார்ச் 5

தம்பிக்கு, அக்கா.

உடம்பு எப்படி இருக்கிறது என்று போன கடிதத்தில் நீ எழுதவும் இல்லை, என்னைக் கேட்கவும் இல்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீ அப்படி இருப்பாயா என்று தெரியவில்லை.

நான் தினமும் அச்சு எடுத்து வார்க்கிறவள். கரடியைக் கையில் எடுத்ததும் மனசு ஒப்பவில்லை. வேலை மேசைக்குக் கொண்டுபோய்ப் பழைய புலியோடு தராசில் வைத்துப் பார்த்தேன், ஊசிமுனையால் பாதத்துக்கு அடியில் கீறியும் பார்த்தேன். மேலே அழுக்கு பழைய அழுக்கு மாதிரி இருக்கிறது. உள்ளே பளபளவென்று புது உலோகம். ஈயமே இல்லை. முதலையும் அப்படித்தான். ஒட்டகச்சிவிங்கியும் அப்படித்தான். யாரோ இப்போதுதான் வார்த்து, அரம் போட்டு, அழுக்கேற்றி இருக்கிறார்கள். நல்ல கைக்காரன்தான், ஆனால் புதுசு புதுசுதான்.

ஊரை ஏமாற்றி விற்க வேண்டுமென்றால் விற்கலாம். காசே வாங்காமல், உனக்கு எது இல்லையோ அதை மட்டும் பார்த்துப் பார்த்து வார்த்துக் கொடுக்கிற ஆளுக்கு உன்னிடம் என்ன வேண்டும்? தொட்டிப் பெட்டி எதையாவது நீ திறக்காமல் விட்டாயா?

ஒரு வேலை செய். என் மேல் கோபம் வந்தாலும் செய். அடுத்த ஞாயிறு அவரிடம் நாற்பத்தொன்று வேண்டும் என்று கேள், எறும்புத்தின்னி. அந்த வரிசை நாற்பதோடு முடிகிறது என்பது டப்பா மூடியைப் பார்த்த குழந்தைக்கும் தெரியும். உண்மையிலேயே சேகரிக்கிறவராக இருந்தால் உன்னைப் பார்த்துச் சிரிப்பார். கொண்டுவந்து நீட்டினார் என்றால் ஆள் யாரென்று உனக்கே புரியும்.

பதில் போடு.

அக்கா


ஏப்ரல் 10

அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கிடங்கில் வேலை அதிகம். நலம்.

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. எனக்கு ஒரே ஒரு சிநேகிதர் கிடைத்தால் அவரையும் தராசில் வைத்துப் பார்க்கிறாயே என்று. புதுவார்ப்பு என்றே வைத்துக்கொள்வோம், அவரே யாரிடமாவது ஏமாந்து வாங்கியிருக்கக் கூடாதா?

ஆனாலும் கேட்டேன். அந்தக் காலிக் கூண்டுக்கு எதிரில் நின்று, சாவகாசமாகத்தான் கேட்டேன், "எனக்கு எறும்புத்தின்னி ஒண்ணு வேணுமே, கிடைக்குமா" என்று. அவர் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "யாரு சொன்னா உங்களுக்கு?" என்றார். குரலே வேறாக இருந்தது. நான் பயந்துபோய், "பொம்மைங்க, வரிசையில நாப்பத்தொண்ணு" என்றேன். என் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தோளில் தட்டி, "அதானா. தேடிப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு சிங்கத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறாக ஆளைக் காணவில்லை.

வரிசையில் இல்லாத மிருகத்தைக் கேட்டதால் திகைத்திருப்பார். வேறென்ன?

புத்தகக்கடை அம்மா உனக்காக ஒரு பறவைப் புத்தகம் எடுத்து வைத்திருக்கிறார். அட்டை இல்லை, படங்கள் எல்லாம் இருக்கின்றன. அத்தான் நலமா?

தம்பி


ஏப்ரல் 16

தம்பி,

சிங்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய், பறவைப் புத்தகத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய், அத்தானை விசாரித்திருக்கிறாய். நான் கேட்ட ஒரே கேள்வியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாய்.

பெட்டியைத் திறந்தாயா, இல்லையா?

வேறு எதுவும் எழுத வேண்டாம். அதை மட்டும் எழுது.

அக்கா


மே 8

என் அன்பான தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அத்தானும் பூரண சௌக்கியம். நீயும் அவ்வாறே இருப்பாய் என்று நம்புகிறேன்.

இன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உன் சிநேகிதர் இவ்வளவு தூரம் பயணம் செய்து நம் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வந்திருக்கிறார். இதோ எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். நீ கேட்ட நாற்பத்தொன்றைத் தன் கையாலேயே என்னிடம் கொடுத்தார். நம்மிடம் இருக்கும் பழைய நாற்பத்தொன்றையும் அலமாரியிலிருந்து எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசல் ஒன்றுதான். ஒரு குறையும் சொல்ல முடியாது. இனி உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

அவர் சொல்லச் சொன்னது: அடுத்த சரக்கு இந்த மாதக் கடைசியில் வருகிறதாம். போன தடவை போலவே நீ நல்லபடியாகப் பார்த்து அனுப்பி வைப்பாய் என்று நம்புகிறாராம். நானும் அப்படியே சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை அவரே உன்னிடம் நேரில் தருவதாகச் சொல்கிறார். தபால்காரருக்கு ஒரு வேலை மிச்சம்.

உன் பிரியமுள்ள அக்கா


மே 9
மேற்பார்வை: புத்தகக்கடை அம்மா. என் தம்பியிடம் மட்டும் கொடுக்கவும்.

தம்பி,

நேற்றைய கடிதம் உன் கைக்கு வந்திருக்கும். அல்லது வரும். ஒவ்வொரு வரியையும் அவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க எழுதினேன். எறும்பு தின்ற நாற்பத்தொன்று அலமாரியில் இருப்பதாக எழுதினால் உனக்குப் புரிந்துவிடும் என்ற ஒரே தைரியத்தில்தான் பேனாவைப் பிடித்தேன்.

நடந்தது இது. யாருக்கோ கீழ்வரிசைப் பல் செட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார். பைனாகுலரைக் கழற்றி என் வேலை மேசையில் வைத்தார். மடித்த துணியிலிருந்து எறும்புத்தின்னியை எடுத்து நீட்டினார். பளிச்சென்று ஒவ்வொரு செதிலும் தெரிகிறது, வயிற்றில் நாற்பத்தொன்று. உலகத்தில் இல்லாத ஒரு பொம்மையை வார்த்து எடுத்து வந்திருக்கிறார், அது இல்லை என்றுகூடத் தெரியாமல். அலமாரியை ஒரு நிமிஷம் பார்த்தார். அதில் தான் கொடுத்தது எது, நம்முடையது எது என்று அவருக்கே தெரியவில்லை.

"தம்பி எறும்புத்தின்னி கேட்டதுலேருந்து எனக்குத் தூக்கம் போச்சும்மா. யாரோ ஏதோ சொல்லிட்டாங்கன்னு நினைச்சிட்டேன். வீட்டைப் பாத்தப்புறம்தான் புரியுது, பொம்மைதான் கேட்டிருக்காரு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சார் பஸ் ஓட்டப் போயிட்டா நீங்க தனியாத்தான் இருப்பீங்க போல" என்றார். அதற்கும் அதே சிரிப்பு.

எறும்புத்தின்னி என்றதும் ஒரு பூந்தொட்டி வியாபாரிக்கு ஏன் தூக்கம் போக வேண்டும்? ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்தேன். தொட்டிக்குள் உயிரோடு எதையோ வைத்து அனுப்புகிறார்கள், தம்பி. என்ன என்று நீயே சொல்லிக்கொள். நான் உன்னைக் கேட்கச் சொன்ன பொம்மையே அவர்களுடைய ரகசியமாக இருந்திருக்கிறது. நான்தான் உன்னை மாட்டிவிட்டேன்.

விடிந்ததும் கடைத்தெருவுக்குப் போய் உன் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். எடுத்தவர், "நீங்க யாரு, எதுக்குக் கேக்கறீங்க" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அங்கேயும் அவருக்கு ஆள் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் இதைப் புத்தகக்கடை முகவரிக்கு அனுப்புகிறேன், நீ அனுப்பிய கையேட்டின் உள்அட்டையில் கடை முத்திரை இருந்தது நல்லதாயிற்று.

போன தடவை போலவே என்றாரே. எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனாலும் நீ வாய்விட்டுச் சொல்.

அக்கா


மே 21

அக்கா,

பறவைப் புத்தகத்துக்குள் இதை வைத்து அனுப்புகிறேன். கடை அம்மா தன் பெயரிலேயே தபாலில் சேர்த்துவிடுவார்.

உன் எட்டாம் தேதிக் கடிதத்தை அவர் கிடங்கு வாசலில் வைத்துக் கொடுத்தார். அங்கேயே பிரித்துப் படிக்கச் சொன்னார். பழைய நாற்பத்தொன்று என்ற வரி வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்காவுக்கு ரொம்ப சந்தோஷம் போல" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

நீ கேட்டாய். திறக்கவில்லை. பிப்ரவரியில் அவர் பெட்டியைத் திறக்காமலே சீல் வைத்தேன். மறுநாள்தான் கரடியும் முதலையும் வந்தன. உள்ளே ஏதோ உராய்கிற மாதிரி சத்தம் கேட்டது, அக்கா. வைக்கோல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீ மாட்டிவிடவில்லை. நான் போய் மாட்டிக்கொண்டேன்.

அத்தான் வந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவர் அம்மா வீட்டுக்குப் போய்விடு. அலமாரியைப் பற்றிக் கவலைப்படாதே. எனக்கு எழுதாதே. நானே எழுதும்வரை கடை முகவரிக்கும் எழுதாதே.

தம்பி


ஜூன் 30

தம்பி,

எழுதாதே என்றாய். இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததே பெரிது. மாமியார் வீட்டில் என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். முதுகுவலி இல்லை, வேலை செய்தால்தானே வலிக்க. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் சாப்பிட்ட கையோடு வாசலுக்கு ஓடுகிறேன். மாமியார் ஒன்றும் கேட்பதில்லை.

பறவைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பார்த்தாலும் சொல்வேன், எந்தப் பக்கத்தில் எந்தப் பறவை என்று. அதில் ஒரு கொக்கு இருக்கிறது, ஒற்றைக் காலில் நின்றுகொண்டு. அதைப் பார்த்தால் உன் ஞாபகம் வருகிறது, சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

நீ உயிரோடு இருக்கிறாய் என்று மட்டும் ஒரு வரி போடு. திட்ட மாட்டேன்.

அக்கா


ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. விசாரணை முடியாமல் யாருக்கும் எழுதக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், நேற்றுதான் அனுமதி கிடைத்தது. நீ அனுப்பிய கடிதத்தைப் புத்தகக்கடை அம்மா பத்திரமாக வைத்திருந்து கொடுத்தார். கொடுக்கும்போது, "உங்க அக்காவை இனிமே இப்படிக் காக்க வைக்காதீங்க" என்று ஒரு அதட்டல்.

கிடங்கில் யாரை நம்புவது என்று தெரியாததால் நான் மிருகக்காட்சி சாலை மருத்துவரிடம் போனேன். ஞாயிறுதோறும் வருகிறவன் என்று அவருக்கு என் முகம் பழக்கம். எல்லாவற்றையும் சொன்னேன், பிப்ரவரிப் பெட்டியையும் சேர்த்து. அவர் உடனே வன அதிகாரியை வரவழைத்தார். மாதக் கடைசியில் சரக்கு வந்தது. வன அதிகாரியும் அவர் ஆட்களும் சரக்கு வண்டிக்குப் பின்னால் மறைந்து நின்றார்கள். பைனாகுலர்காரர் வாசலில் நின்று எனக்குக் கையாட்டினார். என் கை முத்திரைக் கட்டைக்குப் போய்விட்டு, கடப்பாறைக்குப் போனது.

பலகையை நெம்பினேன். வைக்கோல், அதற்குக் கீழே தொட்டிகள். ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் சாக்குத்துணியில் இறுகக் கட்டிய ஒரு உருண்டை. ஒன்றை எடுத்தேன். கல் என்று நினைத்தேன், அவ்வளவு கனம். துணியை அவிழ்த்தால் செதில். உன் நகத்தால் நீ கீறியது போலவே, ஒன்றன் மேல் ஒன்றாக. அது என் கையில் மூச்சு விட்டது. நான் சாகும் வரை மறக்க மாட்டேன், அக்கா. நாற்பத்தொன்று என் கையில் மூச்சு விட்டது.

சில தொட்டிகளில் மூச்சு இல்லை.

வாசலில் நின்றவரை அங்கேயே பிடித்துவிட்டார்கள். கிடங்கிலும் ஒருவரைப் பிடித்தார்கள், நீ ஃபோன் செய்தபோது எடுத்தவர்தான். எங்கோ ஒரு பட்டறையில் நம் மிருகங்களின் அச்சுகள் எல்லாம் கிடைத்தனவாம். என்னைப் போல வேறு யார் யாருக்கு என்னென்ன வார்த்தார்களோ.

பிப்ரவரிப் பெட்டிக்காக எனக்கு வேலை போய்விட்டது. நானாகவே வந்து சொன்னேன் என்பதால் ஜெயில் இல்லை. வேலை போனதில் எனக்கு வருத்தம் இல்லை, நியாயம்தான். ஆனால் அந்தப் பெட்டி எங்கே போயிற்று, உள்ளே இருந்தவை என்ன ஆயின என்று வன அதிகாரியைக் கேட்டேன். அவர் மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். நான் மறுபடி கேட்கவில்லை.

பிழைத்தவற்றைக் காட்டில் விடப்போகிறார்கள். ஒன்றுக்கு மட்டும் முன்கால் ஒடிந்திருக்கிறது, அது இனி மண்ணைத் தோண்டாது. அதைக் கடைசி வரிசைக் கூண்டில் வைத்திருக்கிறார்கள். பலகைக்குப் பின்னால் முதன்முறையாக மிருகம். போன ஞாயிறு போனேன். டிக்கெட் வாங்கினேன். சிங்கம் வரைக்கும் நடந்தேன். அதற்கு மேல் கால் போகவில்லை, திரும்பி வந்துவிட்டேன். எந்த முகத்தோடு போய் அதன் முன்னால் நிற்பது?

அத்தானிடம் சொல்லிவிடு. எல்லாவற்றையும் சொல்லிவிடு.

உன் தம்பி


ஆகஸ்ட் 11

என் தங்கத் தம்பிக்கு, அக்கா எழுதுகிறேன். வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். முதுகு பழையபடி வலிக்கிறது, அதனால் நான் சௌக்கியம் என்று புரிந்துகொள்.

அத்தானுக்கு உன் கடிதத்தை முழுசாக வாசித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கித் தானும் ஒருமுறை படித்தார். பிறகு, "கடப்பாறையை எடுத்தான்ல" என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரம் இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறார்.

அதிகாரிகள் வந்து ஒட்டகச்சிவிங்கி, கரடி, முதலை, நாற்பத்தொன்று என நாலையும் சாட்சிக்கு எடுத்துப் போய்விட்டார்கள். வரிசையில் மறுபடி ஓட்டை. நூல்கண்டு திரும்ப வேலைக்குச் சேர்ந்துவிட்டது. உனக்கும் ஏதாவது கிடைக்கும், நூல்கண்டுக்கே கிடைக்கும்போது.

பெட்டியைத் திறந்தாயா என்று நான் உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். திறந்துவிட்டாய். முதல் பெட்டியை மறந்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னாலும் மறக்க முடியாது. அந்த உராய்கிற சத்தத்தை நீ கேட்டாய் என்று படித்ததிலிருந்து நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நான் உன்னைவிடப் பெரியவள், பாதியை எனக்குக் கொடு.

வரும் ஞாயிறு காலை வண்டியில் வருகிறேன். சிங்கம் வரைக்கும் சேர்ந்து நடப்போம். அதற்கு மேல் உனக்குக் கால் போகவில்லை என்றால் அங்கேயே நில். நான் மட்டும் கடைசி வரிசைக்குப் போய், அது சாப்பிடுகிறதா, காலை ஊன்றுகிறதா என்று பார்த்துவிட்டு வந்து உனக்குச் சொல்கிறேன்.

ஆனால் டிக்கெட் இரண்டு வாங்கி வை.

அக்கா